சிகிச்சைக்குக் காப்பீட்டை மறுத்தார்கள், துணையும் போய்விட்டது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். என் கணவர் கல்லீரல் நோயால் 17 நாள் ஐசியுவில் இருந்து இறந்தார். சேர்த்த மூன்றாம் நாளே காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட்டது. பதினான்கு மாதம் கழித்து, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் (ஓம்புட்ஸ்மேன்) உத்தரவு போட்ட பிறகு, அதே நிறுவனம் அதே பாலிசியில் பணம் தந்தது.

இது ஊரில் பரவிவிட்டது. கட்டணம் கட்ட வரும் பெற்றோர்கள்கூட ரசீதை வாங்கிக்கொண்டு நகராமல் நிற்பார்கள். "உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்பார்கள். ஆள்தான் வேறு, கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல, கோப்பு தைத்துப் பழகியவள். அந்தப் பழக்கம்தான் எனக்கு உதவியது.

1. கேஷ்லெஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் பணமே வராதா?

கேஷ்லெஸ் வேறு, கிளைம் வேறு. நிறுவனம் நேராக மருத்துவமனைக்குப் பணம் கட்டுவது கேஷ்லெஸ். நாம் கட்டிவிட்டுப் பிறகு ரசீதுகளைக் கொடுத்துத் திரும்பப் பெறுவது இன்னொரு வழி. முதலாவதை மறுத்த அன்றே இரண்டாவதும் செத்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். முன் அனுமதி மறுப்புக் கடிதத்தின் அடியில், ஆவணங்களுடன் பிறகு விண்ணப்பிக்கலாம் என்ற ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். ஐசியு வாசலில் நிற்கும்போது அந்த வரி யார் கண்ணிலும் படாது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் நேரத்து இறுதி அனுமதி 3 மணி நேரத்துக்குள் வர வேண்டும். மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில் எத்தனை மணிக்கு அனுப்பினார்கள், எத்தனை மணிக்குப் பதில் வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறெங்கும் கிடைக்காத தகவல் அது.

2. போனில்தான் 'வராது' என்றார்கள். கடிதம் எதுவும் இல்லை. என்ன செய்வது?

கடிதம் வரும்வரை மறுப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசியவரோடு வாதாடிப் பயன் இல்லை. அவர் பெரும்பாலும் டிபிஏ எனப்படும், காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளைம்களைக் கையாளும் வெளி நிறுவனத்து ஊழியர். முன்னால் இருக்கும் திரையில் உள்ளதை வாசிக்கிறார், அவ்வளவுதான்.

"எந்த நிபந்தனையின் கீழ், என்ன காரணத்தால் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தாருங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பாலிசியின் குறிப்பிட்ட நிபந்தனையைச் சுட்டிக்காட்டித்தான் மறுக்க வேண்டும் என்பது விதி. நிறுவனத்துக்குள் கிளைம் மறுஆய்வுக் குழு என்று ஒன்று உண்டு. அதன் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளைமையும் நிராகரிக்கக் கூடாது என்றும் அதே 2024 சுற்றறிக்கை சொல்கிறது. அந்தக் குழு பார்த்ததா என்றும் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கே சில கோப்புகள் மறுபடி மேசைக்கு வந்திருக்கின்றன.

கடிதம் வந்ததும் நான்கைந்து முறை படியுங்கள். அதில் காரணம் சொல்லும் வாக்கியம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இனி நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அந்த வாக்கியத்துக்கு மட்டும். உங்கள் துயரம், பட்ட கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்துக்கு அவை பதில் ஆகாது. என் முதல் கடிதம் ஐந்து பக்கம். ஐந்திலும் நான் அழுதிருந்தேன். ஒரு பயனும் இல்லை.

3. பில் பாக்கி இருக்கிறது, உடலைத் தரமாட்டோம் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

செய்யக் கூடாது. தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், கட்டணத் தகராற்றைக் காரணம் காட்டி உடலைத் தடுத்து வைக்கக் கூடாது என்று இருக்கிறது. காப்பீடு உள்ளவர் சிகிச்சையின்போது இறந்தால், நிறுவனம் உடனே கிளைமைப் பார்த்து, உடல் உடனடியாக விடுவிக்கப்படச் செய்ய வேண்டும் என்று ஐஆர்டிஏஐ சுற்றறிக்கையும் சொல்கிறது.

விதி இருப்பது தெரிந்தாலும் அந்த நேரத்தில் குரல் எழும்பாது. உறவில் நிதானமான ஒருவரை அனுப்பி, மருத்துவமனை நிர்வாக அதிகாரியிடம் இந்த இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். நகராவிட்டால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். தமிழகத்தில் தனியார் மருத்துவமனைகள் அவரிடம்தான் பதிவு பெற்றிருக்கின்றன. எழுதப்படாத வெற்றுத் தாளில் மட்டும் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

4. ஆஸ்பத்திரியில் என்னென்ன தாள் வாங்க வேண்டும்? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரி அல்லது இறப்புச் சுருக்கம், வகைவாரியாகப் பிரித்த பில், பணம் கட்டிய ரசீதுகள், பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை அவர்களே தருவார்கள். கேட்டால்தான் கிடைப்பது கேஸ் ஷீட். ஒவ்வொரு நாளும் மருத்துவரும் செவிலியரும் கையால் எழுதிய முழுக்கோப்பு அது. அதன் நகலைக் கேட்கும் உரிமை நோயாளியின் குடும்பத்துக்கு உண்டு. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், மூன்று ஆண்டு பாதுகாக்கவும் வேண்டும். எழுத்தில் கேட்டு, உங்கள் பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இறப்புக்கான காரணம் குறித்த மருத்துவச் சான்றும் தனியாக உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது. நகராட்சி தரும் இறப்புச் சான்றிதழ் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, இதை வாங்காமல் விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

பழைய வெளிநோயாளிச் சீட்டுகளையும் தேடுங்கள். பீரோவில், பைக் பெட்டியில், மருந்துக் கடைப் பைக்குள் எங்கேனும் இருக்கும். ஒன்பதாவது பதிலைப் படித்தால் ஏன் என்று புரியும்.

5. பாலிசி அவர் பெயரில். அவரே இல்லை. நான் கேட்டால் கொடுப்பார்களா?

பாலிசியில் நியமனதாரராக (நாமினி) உங்கள் பெயர் இருந்தால் நேராகக் கேட்கலாம். இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையம் மூலம் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் தருவார். சில நிறுவனங்கள் மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் கேட்கும். மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை, கையெழுத்து எப்படி வாங்குவது என்று ஒரு பெண் கேட்டார். அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. பெரியவர் ஒருவரை நடுவில் வைத்து வாங்கினார்.

குறைதீர்ப்பாளரிடமும் நுகர்வோர் ஆணையத்திலும் இறந்தவரின் வாரிசு புகார் தரலாம். இரண்டு சட்டத்திலும் அது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

6. பதினாறாம் நாள் காரியம், வீட்டில் கூட்டம். ஆவணம் கொடுக்க வேண்டிய 30 நாள் தாண்டிவிட்டது. போச்சா?

போகவில்லை. தாமதம் என்ற ஒன்றை மட்டும் காரணமாக வைத்து உண்மையான கிளைமை நிராகரிக்கக் கூடாது என்று 2011-லேயே ஐஆர்டிஏஐ நிறுவனங்களுக்கு எழுதியிருக்கிறது. தாமதத்துக்கான காரணத்தை நான்கு வரியில் எழுதி, இறப்புச் சான்றிதழையும் இணைத்துக் கொடுங்கள். கணவர் இறந்த வீட்டில் ஒரு மாதம் எப்படிப் போகும் என்று விளக்க வேண்டியதில்லை. தேதிகளே சொல்லும்.

7. நோயை மறைத்து பாலிசி எடுத்தீர்கள் என்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை இருந்தது உண்மைதான். இனி வழியே இல்லையா?

முதலில் பாலிசியின் வயதைப் பாருங்கள். இடைவெளி இல்லாமல் 60 மாதம் ஓடியிருந்தால், மறைத்தார்கள், தவறாகச் சொன்னார்கள் என்று சொல்லி நிறுவனம் கேள்வி எழுப்ப முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். 2024 ஏப்ரலுக்கு முன் இந்தக் காலம் எட்டு ஆண்டாக இருந்தது, பிறகு ஐந்தாகக் குறைத்தார்கள். விண்ணப்பத்தில் முறையாகச் சொன்ன நோய்க்கான காத்திருப்புக் காலமும், அதாவது அந்த நோய்க்குக் கிளைம் கிடைக்காத தொடக்கக் காலமும், இப்போது அதிகபட்சம் 36 மாதம்தான். ஆயுள் காப்பீட்டில் இதற்கு இணையான காலம் மூன்று ஆண்டு. அதற்குப் பிறகு மோசடி என்றுகூடக் கேள்வி எழுப்ப முடியாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாண்டு ஆகவில்லை என்றால் நிலைமை கடினம், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. 2009-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், நாட்பட்ட சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் இருந்த ஒருவர் விண்ணப்பத்தில் உடல்நலம் நன்றாக இருப்பதாக எழுதியிருந்தார். அவர் இறந்த பின் மனைவி வழக்காடினார். மறுத்தது சரிதான் என்றது நீதிமன்றம். ஆனால் 2015-ல், முதுகுத்தண்டுக் கோளாற்றைச் சொல்லாமல் ஆயுள் காப்பீடு எடுத்தவர் மாரடைப்பில் இறந்தபோது, இறப்புக்குத் தொடர்பில்லாத நோயைச் சொல்லி மறுக்க முடியாது என்றது. 2021 டிசம்பரிலும் ஒரு தீர்ப்பு வந்தது. சர்க்கரை இருப்பதைத் தெரிந்துகொண்டே பாலிசி கொடுத்துவிட்டு, பிறகு அதையொட்டிய காரணத்தைக் காட்டி மறுப்பது செல்லாது என்றது. ஆக, மறைத்தது எது, இறந்தது எதனால், அவர்களுக்கு முன்பே என்ன தெரியும் என்ற மூன்றையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் உங்கள் வழக்கின் பலம் உங்களுக்கே தெரியும்.

முகவர்தான் படிவத்தை நிரப்பினார், இவர் கையெழுத்து மட்டும் போட்டார் என்று பத்தில் எட்டுப் பேர் சொல்கிறார்கள். நம்புகிறேன், என் வீட்டிலும் அதுதான் நடந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு என்பார்கள். சர்க்கரை பற்றி முகவரிடம் சொன்னதற்கு வாட்ஸ்அப் செய்தி, மருத்துவப் பரிசோதனைத் தாள் போல ஏதாவது இருந்தால் மட்டுமே இந்த வாதம் எடுபடும். விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

8. பத்து வருடமாகச் சர்க்கரை என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார்கள். பதற்றத்தில் நான்தான் அப்படிச் சொன்னேன். உண்மையில் நான்கு வருடம்தான். என் வாயாலேயே கெடுத்துவிட்டேனா அக்கா?

இல்லை அம்மா. இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் ஒரு இளம் மருத்துவர் எத்தனை வருடம் என்று கேட்கிறார். ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் வாயில் வந்ததைச் சொல்கிறார். கே/சி/ஓ என்று போட்டு, அதாவது ஏற்கெனவே அறியப்பட்ட நோயாளி என்று, பத்து என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு அந்த ஓர் எண்ணே மறுப்புக் கடிதமாக வருகிறது. இது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல.

யாரோ சொல்லக் கேட்டு எழுதிய குறிப்பை மட்டும் வைத்து, அதற்கு முன் நடந்த சிகிச்சைக்கான ஆதாரம் எதையும் காட்டாமல் மறுப்பதை நுகர்வோர் ஆணையங்கள் பலமுறை ஏற்க மறுத்திருக்கின்றன. முதன்முதலில் சர்க்கரை கண்டுபிடித்த மருத்துவரிடம், எந்தத் தேதியிலிருந்து பார்க்கிறார் என்று ஒரு சான்று வாங்குங்கள். அப்போதைய இரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தால் இன்னும் நல்லது. எழுதிய மருத்துவமனையிடமே திருத்தக் குறிப்பும் கேட்கலாம். சிலர் தருவார்கள், சிலர் தரமாட்டார்கள்.

9. குடிப்பழக்கத்தால் வந்த நோய் என்று எழுதி மறுத்துவிட்டார்கள். இதை எப்படி எதிர்ப்பது? வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இது என் கதை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விலக்குகள் எண்ணிட்டுத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. குடி, போதைப் பழக்கம், அவற்றின் விளைவுகள் ஆகியவற்றுக்கான சிகிச்சையை விலக்குவது பன்னிரண்டாவது. எங்களுக்கு வந்த கடிதத்தில் அந்த எண்ணும், 'நோயாளியின் மதுப் பழக்கத்தின் விளைவு' என்ற ஒரு வாக்கியமும் இருந்தன. கல்லீரல் என்றாலே குடி என்பது நம் ஊரில் தீர்ப்பாகிவிட்ட விஷயம். துக்கம் கேட்க வந்தவர்களிலேயே இருவர் அப்படிக் கேட்டார்கள். கடிதம் அதை முத்திரையோடு சொன்னது.

என் கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கல்யாண வீடுகளில் எப்போதாவது ஒரு பீர் குடிப்பார். அதையும் சர்க்கரை வந்த பிறகு விட்டுவிட்டார். 'எப்போதாவது மது, நிறுத்திப் பல ஆண்டுகள்' என்று கேஸ் ஷீட்டில் நேர்மையாக எழுதியிருந்தது. அதில் 'மது' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரையும் உடல் எடையும் சேர்ந்து கல்லீரலில் கொழுப்பு படிந்து, அதுவே முற்றிக் கல்லீரல் சுருங்கிப்போவது உண்டு. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலும் வரும். ஒரு பீரும் குடிக்காதவர்களுக்கும் வரும். நான் செய்தது இரண்டே வேலை. கல்லீரல் மருத்துவரிடம் நோயின் காரணம் என்ன, எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்டு ஒரு பக்கக் கடிதம் வாங்கினேன். பைக் பெட்டியில் கிடைத்த ஆறாண்டுப் பழைய ஸ்கேன் சீட்டில் 'கொழுப்புக் கல்லீரல்' என்று இருந்தது. அதை இணைத்தேன்.

எங்கள் பாலிசி ஏழாவது ஆண்டில் இருந்தது. ஏழாவது பதிலில் சொன்ன ஐந்தாண்டுப் பாதுகாப்பு இங்கே உதவாது என்பதைக் கவனியுங்கள். அது மறைத்ததாகச் சொல்லும் குற்றச்சாட்டுக்குத்தான். நிரந்தர விலக்குகள் பாலிசி எத்தனை ஆண்டு ஓடினாலும் இருக்கும். ஆனால் விலக்கைக் காட்டி மறுக்கிறவர்தான் அது பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும். குடிக்கவில்லை என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. இந்த ஒன்று தெரிந்த பிறகுதான் என் கூச்சம் போயிற்று.

10. புதுவகைச் சிகிச்சை, அதற்குக் காப்பீடு கிடையாது என்றார்கள். உண்மையா?

நிரூபிக்கப்படாத சிகிச்சை என்று ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் ஐஆர்டிஏஐ 2019-ல் 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டு, அவற்றை முழுதாக விலக்கக் கூடாது என்றது. ரோபோ அறுவை சிகிச்சை, வாய்வழிக் கீமோதெரபி, இம்யூனோதெரபி, ஆழ்மூளைத் தூண்டல் எல்லாம் அதில் உண்டு. உச்சவரம்பு வைக்கலாம், எனவே முழுத் தொகை வராமல் போகலாம். ஒன்றுமே வராது என்றால் அந்தப் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள்.

11. யாரிடம் முதலில் போவது? நேராக நீதிமன்றமா?

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார். மின்னஞ்சல் முகவரி பாலிசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். கூடவே ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். 155255 என்ற எண்ணில் பேசியும் பதியலாம். பீமா பரோசா தீர்ப்புச் சொல்லாது, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும். பலர் அங்கே நீதி கிடைக்கும் என்று காத்திருந்து ஏமாறுகிறார்கள். ஆனால் எண்ணும் தேதியும் கிடைக்கும், அதற்காகவே செய்யலாம்.

ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஓம்புட்ஸ்மேன் என்று எல்லோரும் சொல்லும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கு ஓராண்டு அவகாசம். தமிழகத்துக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. இணையத்திலேயே புகார் தரலாம். என் பதினான்கு மாதத்தில் ஆறு மாதம் நான் கடிதத்தைத் தொடாமல் பீரோவில் வைத்திருந்த காலம். அது யார் தவறும் அல்ல, ஆனால் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

12. ஓம்புட்ஸ்மேன் விசாரணை எப்படி இருக்கும்? வக்கீல் வைக்க வேண்டுமா? ஆங்கிலம் தெரியாதே?

வக்கீல் வைக்கவே முடியாது, விதியில் இடமில்லை. கட்டணமும் இல்லை. குறைதீர்ப்பாளர் ஒரு மேசையின் பின்னால் இருப்பார். எதிர்ப்பக்கம் நிறுவனத்தின் அதிகாரி, சில சமயம் அவர்களுடைய மருத்துவரும் இருப்பார். காணொளி வழியாகவும் நடக்கிறது. நான் தமிழில்தான் பேசினேன். என் முறை இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. காலையிலிருந்து சாப்பிடாமல் போனவள், முடிந்ததும் அண்ணா சாலையில் ஒரு தேநீர்க் கடையில் நின்று இரண்டு பன் தின்றேன்.

இரண்டாவது பதிலில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை முதலில் படித்தேன். பிறகு மருத்துவரின் கடிதம், பிறகு பழைய ஸ்கேன். நோயாளி அடிக்கடி குடிப்பவர் என்பதற்கு வேறு ஆதாரம் உண்டா என்று குறைதீர்ப்பாளர் கேட்டார். நிறுவனத்து அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் கட்டியது 6,12,000 ரூபாய். பாலிசியில் வராத சில பொருட்களைக் கழித்து 5,71,000 தரச் சொல்லி உத்தரவு வந்தது.

தேவையான எல்லாம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் உத்தரவு போட வேண்டும். நிறுவனம் 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் புகார்தாரருக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024-ல் சேர்த்திருக்கிறார்கள். எங்களுக்கு இருபத்தெட்டாம் நாள் வந்தது.

13. ஓம்புட்ஸ்மேனா, நுகர்வோர் ஆணையமா? எது நல்லது?

50 லட்சம் ரூபாய்க்குள், ஆவணம் தெளிவாக இருந்தால் குறைதீர்ப்பாளர். விரைவாக முடியும். அவர் உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. தோற்றால் பிறகு ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது குறைதீர்ப்பாளர் உங்கள் புகாரை எடுக்கமாட்டார். ஆகவே வரிசை முக்கியம்.

மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு, மருத்துவமனை மீதும் புகார் என்றெல்லாம் இருந்தால் நுகர்வோர் ஆணையம்தான். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டணத்தைக் கிளைம் தொகையை வைத்துக் கணக்கிடுவதில்லை, கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான். அது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. குறைதீர்ப்பாளரிடம் போயிருக்கும் நாட்களிலும் இந்தக் கெடுவில் ஒரு கண் இருக்கட்டும்.

14. எங்களிடம் இருப்பது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. அதற்கும் இதே வழிதானா?

இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு 5 லட்சம் வரை தரும் அரசுத் திட்டம் அது. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில்தான் செல்லும். நாம் கட்டிவிட்டுத் திரும்பப் பெறும் வழக்கம் அதில் கிடையாது. அதனால் மறுத்தால் அந்த நேரத்திலேயே கேட்க வேண்டும். 1800 425 3993 என்ற இலவச எண்ணும் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும்தான் வழி.

15. அவர்கள் மறுத்ததால்தான் என் மனைவி இறந்தாள். இறப்புக்கே இழப்பீடு கேட்க முடியுமா?

கேட்கலாம், நுகர்வோர் ஆணையத்தில். ஆனால் நிறுவனம் சொல்லப்போகும் பதிலை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: 'பணம் தருவதைத்தான் மறுத்தோம், சிகிச்சையை மறுக்கவில்லை.' கேட்கவே சகிக்காத பதில். எட்டு லட்சம் கையில் இல்லாதவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் சட்டம் இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கும். கிளைம் தொகை, வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு தொகை வரை கிடைப்பது நடைமுறையில் உண்டு. இறப்புக்கு அவர்களைப் பொறுப்பாக்க, மறுப்புக்கும் இறப்புக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு கண்ணியும் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தத் தேதியில் அறுவை சிகிச்சை திட்டமிட்டார்கள், எதனால் தள்ளிப்போனது, தள்ளிப்போனதால் உடல்நிலை எப்படிக் கெட்டது என்று கேஸ் ஷீட்டும் சிகிச்சை அளித்த மருத்துவரும் சொல்ல வேண்டும். குறைதீர்ப்பாளர் இதற்குள் போகமாட்டார்.

என் கணவருக்குத் தம்பி கல்லீரல் கொடுக்கத் தயாராக இருந்தார். பணம் திரட்ட ஒன்பது நாள் ஆனது. அதற்குள் நோய்த்தொற்று. கேஷ்லெஸ் வந்திருந்தாலும் தொற்று வந்திருக்கலாம் என்று மருத்துவர் என்னிடம் நேராகவே சொன்னார். பொய் சொல்லாத மனிதர். பன்னிரண்டாம் நாள் கேஸ் ஷீட்டில், 'நிதி ஏற்பாடு நிலுவையில்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை இணைத்தேன். விசாரணையில் படிக்கவில்லை. படித்திருந்தால் மேற்கொண்டு பேசியிருக்கமாட்டேன்.

16. பாதித் தொகை தருகிறோம், 'முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

கடன்காரர் வாசலில் நிற்கும்போது போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2015-ல் ஐஆர்டிஏஐ ஒரு சுற்றறிக்கை விட்டது. அப்படிக் கையெழுத்து வாங்கியதையே காட்டி, மீதித் தொகைக்குப் போராடும் உரிமையை நிறுவனங்கள் பறிக்கக் கூடாது என்றது. இருந்தாலும், பணம் வந்த அன்றே 'எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன், மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து அனுப்பினால் அதற்கு அந்த வலு இருக்காது.

17. 'போனவர் திரும்பி வரவா போகிறார், விட்டுத் தள்ளு' என்கிறார்கள் வீட்டில். விட்டுவிடலாமா?

சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. என் அம்மாவும் சொன்னார். பிணத்தின் பேரில் பணமா என்று ஒரு பெரியம்மா கேட்டார். அந்தப் பணத்துக்காக ஏழு ஆண்டு பிரீமியம் கட்டியது என் கணவர். கட்டிய ஒவ்வொரு ரசீதையும் கடையில் ஆணி அடித்து மாட்டி வைத்திருந்தார்.

தனியாக ஒருவருக்கு மட்டும் நடப்பது என்று வெட்கப்படவும் வேண்டாம். 2023-24-ல் நிறுவனங்கள் அனுமதிக்காமல் விட்ட மருத்துவக் கிளைம்களின் மதிப்பு 15,100 கோடி ரூபாய், மொத்தத்தில் 12.9 விழுக்காடு என்று ஐஆர்டிஏஐ ஆண்டறிக்கையே சொல்கிறது. அதே நேரம், உடம்பு முடியாமல், தூக்கம் இல்லாமல், தாளைத் தொட்டாலே கை நடுங்குகிறவர்கள் விட்டுவிட்டால் அதுவும் சரிதான். தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். பதினோராவது பதிலில் உள்ள முதல் புகாரை மட்டும் அனுப்பிவிட்டு ஓய்வெடுங்கள். ஒரு வருடம் கதவு திறந்திருக்கும்.

எனக்குப் பணம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் என் மகன் ஒருநாள் அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பான். அதில் அப்பாவைப் பற்றிய கடைசி வாக்கியம் அந்த நிறுவனம் எழுதியதாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். இப்போது அதன் மேல் உத்தரவு தைக்கப்பட்டிருக்கிறது.

18. அதே குடும்ப பாலிசியில்தான் நானும் பிள்ளையும் இருக்கிறோம். அதைத் தொடரலாமா, தூக்கி எறியட்டுமா?

எறியாதீர்கள். கோபம் நியாயம், ஆனால் நீங்கள் கடந்து வந்த காத்திருப்புக் காலமும் அதோடு போய்விடும். இறப்பைத் தெரிவித்து அவர் பெயரை நீக்கச் சொல்லுங்கள். பாலிசி மற்றவர்களுக்குத் தொடரும். புதுப்பிப்புத் தேதி தவறியிருந்தால், ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதே நிறுவனத்தின் பெயரைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், சேர்ந்த காலத்தோடு வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். புதுப்பிப்புக்கு ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.

நான் மாறிவிட்டேன். புதிய முகவர் நல்ல பையன். "நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள் அம்மா, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். பேனாவை வாங்கி, எட்டுப் பக்கத்தையும் நானே நிரப்பினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவன் இரண்டு தடவை காபி குடித்தான்.